சாங்கியிலிருந்து கிராஞ்சிக்கு: பெயர்களைத் தேடி ஒரு நாள் பயணம்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

பொன்விழா ஆண்டுக்குப் பல நிகழ்ச்சிகள் வகுத்தோம். விருந்து வைத்தோம், பட்டிமன்றம் நடத்தினோம், மாணவர்களுக்குப் பரிசளித்தோம். அந்த வரிசையில் "சாங்கி, கிராஞ்சி: குடும்பத்தோடு ஒரு நாள் பயணம்" என்று அறிவிப்பு வந்தபோது சிலர் முகத்தில் கேள்விக்குறி தெரிந்தது. "விழா ஆண்டில் சிறைச்சாலைக்கும் இடுகாட்டுக்குமா பிள்ளைகளை அழைத்துப் போவது?" என்று உரிமையோடு கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒரு நாள் முழுதும் பேருந்தில் சுற்றி வந்த பிறகு நமக்குக் கிடைத்த பதிலை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். வரமுடியாமல் போனவர்களும் எங்களோடு வந்ததாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

தேக்காவில் காலையில் ஏறினோம். சாங்கிக்குப் போவதற்கு முன் பேருந்து ஐந்தே நிமிடத்தில் ஒரு முறை நின்றது. ஃபேரர் பார்க் திடல். பிள்ளைகளுக்கு அது பந்து விளையாடும் இடம். பெரியவர்களுக்கு வேலை முடிந்து காற்று வாங்கும் இடம். அதற்கும் முன்னால் அது குதிரைப் பந்தயத் திடல். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதனால் வந்ததுதான்.

1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை மாலை. புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஆங்கிலேயத் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்டார். அன்று சீனப் புத்தாண்டு. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே பிரித்து இந்த ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். புஜிவாரா பேசினார். கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய விடுதலைக்காக ஒரு தேசியப் படை அமைப்போம், வாருங்கள் என்று அழைத்தார்கள்.

பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். பல்லாயிரம் பேர் மறுத்தார்கள். சேர்ந்தவர்களில் விடுதலை வேட்கையால் சேர்ந்தவர்கள் உண்டு. பசிக்கும் அடிக்கும் அஞ்சிச் சேர்ந்தவர்களும் உண்டு. மறுத்தவர்களில் எடுத்துக்கொண்ட சத்தியத்தை மீறக்கூடாது என்று நின்றவர்கள் உண்டு. ஜப்பானியரை நம்ப மனமில்லாதவர்களும் உண்டு. அவர்களை நீசூன், சிலேத்தார், பிடாடாரி என்று பல முகாம்களில் வைத்தார்கள். நீசூன் இன்றைய ஈசூன். பிடாடாரியில் நம் மூத்தோர் எத்தனையோ பேரை அடக்கம் செய்திருக்கிறோம்; இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி நியூகினி போன்ற தீவுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். பட்டினியிலும் நோயிலும் குண்டுவீச்சிலும் அவர்களில் பெரும்பகுதியினர் திரும்பவே இல்லை.

ஆக, சிறை முகாம் என்பது சாங்கியின் கோடியில் மட்டும் இருந்ததல்ல. நாம் காய்கறி வாங்கும் தேக்காவிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் அதன் வாசல் இருந்தது. அருகிலுள்ள ஜாலான் புசாரிலும் அதே வாரத்தில் சீனர்களை ஆயிரக்கணக்கில் நிறுத்தி வடிகட்டினார்கள். முகமூடி அணிந்த ஒருவன் தலையசைத்தால் வாழ்வு, கை நீட்டினால் சாவு என்ற நிலை. "சூக் சிங்" என்று வரலாறு சொல்லும் அந்தக் களையெடுப்பில் இறந்தோர் ஐயாயிரம் என்பது ஜப்பானியர் பக்கக் கணக்கு. ஐம்பதாயிரம் வரை இருக்கும் என்பது சீனச் சமூகத்தின் கணக்கு.

அங்கிருந்து சாங்கிக்குப் போனோம்.

அப்பர் சாங்கி ரோடு நார்த்தில் இருக்கிறது சாங்கி தேவாலயமும் அருங்காட்சியகமும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று இங்கே திறக்கப்பட்டது. பின்னர் புதுப்பிக்கப்பட்டு, 2021 மே மாதம் மறுபடியும் திறக்கப்பட்டது. நம் நாட்டவருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. அருகில் இருந்த பழைய சாங்கிச் சிறை 1936இல் கட்டப்பட்டது. சுமார் 600 கைதிகளுக்காக. அதில் சுமார் 3,000 ஐரோப்பியக் குடிமக்களை அடைத்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏறத்தாழ 400 பேர். கத்தோங்கிலிருந்து அவர்களை நடத்தியே கொண்டுபோனார்கள். சற்றுத் தள்ளி சிலாராங் படை முகாமிலும் அதைச் சுற்றியும் ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் சுமார் 50,000 பேர். 1944 மே மாதத்தில் குடிமக்களை சைம் ரோடு முகாமுக்கு மாற்றிவிட்டுப் போர்க்கைதிகளைச் சிறைக்குள் திணித்தார்கள். அந்தப் பழைய சிறையின் வாயிற்கதவும், 180 மீட்டர் மதிலும், இரண்டு காவல் கோபுரங்களும் இன்று தேசியச் சின்னமாகக் காக்கப்படுகின்றன.

உள்ளே நம் பிள்ளைகளை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை பீரங்கிகள் அல்ல, சின்னஞ்சிறு பொருள்கள். தீப்பெட்டிக்குள் ஒளித்து வைத்த மோர்ஸ் தந்திக் கருவி ஒன்று. ஆர்தர் வெஸ்ட்ராப் என்ற கைதி, எட்டாத் தொலைவில் ஆப்பிரிக்காவில் இருந்த மனைவிக்கு எழுதும் கடிதங்களைப் போலவே எழுதி வைத்த 400 பக்க நாட்குறிப்பு. அனுப்ப வழியில்லை என்று தெரிந்தும் எழுதினார். பெண் கைதிகள் தைத்த ஒட்டுப்போர்வைகளின் கதையும் உண்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுரத் துணி. அதில் தன் பெயரையும் தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றையும் நூலால் வரைய வேண்டும். காயமுற்ற சிப்பாய்களுக்குப் போர்வை என்று சொல்லித்தான் வெளியே அனுப்பினார்கள். அடுத்த முகாமில் கிடந்த கணவன் அந்தப் பெயரைப் படித்தான். என் மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று அறிந்தான். ஒரு பெயர் எவ்வளவு பெரிய செய்தி என்று பாருங்கள்!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம்மில் சில குடும்பங்கள் விடுமுறைக்கு ஐரோப்பா போகும்போது ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து ரயிலேறி டாக்காவ் வதைமுகாமைப் பார்த்து வருவதுண்டு. 1933 மார்ச்சில் நாஜிகள் திறந்த முகாம் அது. நாஜிகள் வேறு இடங்களில், குறிப்பாக ஆஷ்விட்ஸில், யூதர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொல்வதற்கென்றே அறைகள் கட்டினார்கள். சாங்கி அந்த வகை முகாம் அல்ல. சாங்கி வழியாகப் போன போர்க்கைதிகள் சுமார் 87,000 பேர். சாங்கியிலேயே இறந்தவர்கள் சுமார் 850 பேர். துன்பங்களை ஒரே தராசில் போட்டு எடை பார்ப்பது முறையல்ல. உள்ளதை உள்ளபடி அறிவதே முறை. சாங்கியின் உண்மையான கொடுமை, அங்கிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு நேர்ந்ததில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

டாக்காவைக் குறிப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே நூர் இனாயத் கான் என்ற பெண்ணின் நினைவுப் பலகை இருக்கிறது. திப்பு சுல்தான் வழித்தோன்றலான இந்திய சூஃபி ஒருவரின் மகள். நாஜிகளின் பிடியில் இருந்த பாரிஸில் இரகசிய வானொலி இயக்குபவராகப் பணியாற்றிப் பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது முப்பது. ஐரோப்பாவின் வதைமுகாம் வரலாற்றிலும் நம் பெயர் கொண்ட ஒரு பெண் இருக்கிறார் என்பதை நம் பெண்பிள்ளைகள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

அருங்காட்சியகத்தை முடித்துக்கொண்டு, வழியில் லுஹர் தொழுதுவிட்டு, சாங்கிக் கடற்கரையில் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தோம். அதே கடற்கரையில்தான் 1942 பிப்ரவரி 20 அன்று 66 சீன ஆண்களைத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்திச் சுட்டார்கள். அதைச் சொல்லும் நினைவுப் பலகை நிற்கிறது. அங்கே வைத்து இன்னொரு செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். சொல்வதா வேண்டாமா என்று ஏற்பாட்டுக் குழுவில் நெடுநேரம் பேசிய பிறகே சொன்னோம்.

1942 ஆகஸ்ட் இறுதி. தப்பியோட மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திடும்படி எல்லாப் போர்க்கைதிகளுக்கும் ஜப்பானியர் கட்டளையிட்டார்கள். அவர்கள் மறுத்தார்கள். உடனே சுமார் 15,000 பேரை, ஆயிரம் பேருக்கும் குறைவானவர்களுக்காகக் கட்டப்பட்ட சிலாராங் முகாமுக்குள் அடைத்தார்கள். குடிநீருக்கு இரண்டே குழாய்கள். பணிய வைப்பதற்காக, முன்பு தப்பியோடிப் பிடிபட்ட நால்வரைச் செப்டம்பர் 2 அன்று இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவந்து சுட்டார்கள். பிரேவிங்டன், கேல் என்ற இரு ஆஸ்திரேலியர். வாட்டர்ஸ், ஃபிளெட்சர் என்ற இரு ஆங்கிலேயர். குற்றம் என்னுடையது, இளையவனை விட்டுவிடுங்கள் என்று பிரேவிங்டன் கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. கட்டளை ஜப்பானியருடையது. துப்பாக்கி பிடித்த கைகள் யாருடையவை? இந்தியச் சிப்பாய்களுடையவை. புதிதாகச் சேர்ந்த தேசியப் படையினரில் சிலரை ஜப்பானியர் போர்க்கைதிகளுக்குக் காவல் வைத்திருந்தார்கள். அவர்களிலிருந்துதான் சுடும் அணி வந்தது.

பேருந்தில் திரும்பி ஏறும்போது ஒரு பையன் கேட்டான்: "அப்படின்னா நாம கைதியா, காவல்காரங்களா?"

அன்பர்களே, இந்தப் பயணத்திலேயே எடை கூடிய கேள்வி அதுதான். இரண்டுமாக இருந்தோம் என்பதே பதில். ஃபேரர் பார்க்கில் சேர மறுத்து நியூகினியில் மாண்டவனும் இந்தியன். சாங்கியில் துப்பாக்கி பிடித்தவனும் இந்தியன். அதே தேசியப் படையில், 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு, ஊரையும் உடைமையையும் துறந்து சேர்ந்த தோட்டத் தொழிலாளியும் இந்தியன். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் அறிவிக்கப்பட்ட சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தின் ஆலோசகர்களில் ஒருவர் கரீம் கனி. தமிழ் முஸ்லிம். பின்னாளில் இங்கே பத்திரிகை நடத்தியவர். அவர் பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் பெருமைப்படும் பக்கத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு மற்ற பக்கத்தை ஒட்டி மறைத்தால் அவர்கள் கற்றுக்கொள்வது வரலாறாக இருக்காது. தன் சமூகத்துக்கு எதிராகவே சாட்சி சொல்ல நேர்ந்தாலும் நீதியில் நில்லுங்கள் என்பதுதானே நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம்? கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்ற சொல் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை, தேசிய சேவைக்குப் போகும் நம் பையன்கள் பதினெட்டு வயதுக்கு முன்பே யோசித்திருப்பது நல்லது.

சாங்கியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். அந்தக் கதை சயாமுக்குப் போகிறது.

தாய்லாந்தின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காட்டையும் மலையையும் வெட்டி, 1942 பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். சுமார் 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து 7,000 பேர் கொண்ட ஒரு படை புறப்பட்டது. அவர்களில் 3,000-க்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காலரா, வயிற்றுப்போக்கு, பசி, அடி.

இது உலகம் அறிந்த கதை. திரைப்படமாகவும் வந்துவிட்டது. அந்தப் படத்தில் முகம் காட்டாதவர்கள் நம் மக்கள். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 தொழிலாளர்கள் அந்தப் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். தோட்டத்தில் வேலை நின்றுபோய், அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த காலம். நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது பிடித்துப் போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்கள் என்று பழையவர்கள் சொல்லக் கேட்டவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரையும் சேர்த்து ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் சுமார் 90,000 என்று கணக்கிடுகிறார்கள். கவனியுங்கள்: போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு.

போர்க்கைதிகளுக்குப் படைத்தலைவர்கள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், பட்டியல் எழுத ஒருவர் இருந்தார். போர் முடிந்ததும் அந்தப் பட்டியலோடு போய்த் தோண்டியெடுத்து, காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகளை வரிசையாக அமைத்தார்கள். நம் மக்களுக்குப் பட்டியல் எழுத ஆளில்லை. எங்கே விழுந்தார்களோ அங்கேயே மண் மூடியது. 2023 மே மாதத்தில்தான் காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோயில் வளாகத்தில் அந்தத் தமிழர்களுக்காக நடுகல் நாட்டப்பட்டது. ரயில் பாதை முடிந்து எண்பது ஆண்டுகள் கழித்து! நாட்டிய மலேசியத் தமிழ் உறவுகளுக்கும் துணைநின்ற தமிழகத்தாருக்கும் நம் நன்றி உரியது. ஆனால் அந்தக் கல்லிலும் பொறிக்க ஆயிரமாயிரம் பெயர்கள் நம்மிடம் இல்லை.

பெயரில்லாத சாவு ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை நம் பெண்கள் அறிவார்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இருந்த நம் ஆண்களில் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். மூன்றரை ஆண்டு கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை, கப்பல் இல்லை. ஊரில் இருந்தவளுக்கு அவன் இருக்கிறானா இல்லையா தெரியாது. இருக்கிறான் என்றால் அவள் மனைவி. இல்லை என்றால் இத்தா இருக்க வேண்டும். எந்த நாளிலிருந்து எண்ணுவது? யார் சாட்சி? கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியவில்லை என்றால் மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்கலாம் என்று 1939இல் இந்தியாவில் முஸ்லிம் திருமணச் சட்டம் ஒன்று வந்திருந்தது. ஊர்க்கோடியில் பீடி சுற்றிப் பிள்ளை வளர்த்த பெண்ணுக்கு அது எட்டியிருக்குமா? மனைவியும் இல்லை, விதவையும் இல்லை என்று வாசலைப் பார்த்தபடியே வயதானவர்கள் எத்தனை பேர்! மையித்தைப் பார்த்தால் அழுது தீர்க்கலாம்; ஜனாஸாத் தொழுகை தொழலாம்; ஒரு பிடி மண் போடலாம். செய்தியே வராதவளுக்கு அழவும் நாள் கிடைக்காது.

இந்தக் கனத்தோடுதான் அஸருக்கு முன்பாகக் கிராஞ்சி போய்ச் சேர்ந்தோம்.

கிராஞ்சிப் போர் நினைவிடத்தைச் சாலையில் போகும்போது பலமுறை பார்த்திருப்போம். அந்த இடத்திலும் ஜப்பானியர் ஒரு போர்க்கைதி முகாம் வைத்திருந்தார்கள். இன்று பச்சைப் புல்வெளிச் சரிவில் 4,400-க்கும் மேற்பட்ட கல்லறைகள். அவற்றில் 850-க்கும் மேற்பட்டவற்றில் பெயர் இல்லை. மேட்டில் நிற்கும் நினைவுச் சுவர்களில், கல்லறையே கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சாங்கியில் சுடப்பட்ட பிரேவிங்டனின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. அதன் முன் நம் பிள்ளைகள் பேசாமல் நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

பிறகு சுவர்களில் தேடத் தொடங்கினோம். பஞ்சாப், பலூச், ஹைதராபாத் படைப்பிரிவுகள், சிப்பாய்கள், சமையற்காரர்கள், வண்டியோட்டிகள். முஹம்மது, அப்துல், கான், ஷேக், சிங், ராம் என்று எழுத்துகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. "இதோ என் பேர்!" என்று ஒரு சிறுவன் கூவினான். ஓடிப்போய்ப் பார்த்தோம். அவன் பெயரேதான். எண்பது ஆண்டுகளுக்கு முன் எந்த ஊர்த் தாயோ தன் மகனுக்கு வைத்த பெயர்.

நினைவுச் சுவரின் மேற்குக் கோடியில் இன்னொரு சிறிய நினைவுச்சின்னம் உண்டு. அவசரத்தில் வருவோர் அதைப் பார்க்காமல் போய்விடுவார்கள். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பொது இடுகாடுகளில் அடக்கமான 250-க்கும் மேற்பட்ட படைவீரர்களின் பெயர்கள் அதில் உள்ளன. அந்தக் கப்ருகளைத் தொடர்ந்து பராமரிக்க உத்தரவாதமில்லை. சமயக் காரணங்களால் அவற்றைத் தோண்டி இங்கே மாற்றவும் இயலாது. ஆகவே உடலை இருந்த இடத்தில் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் இங்கே கொண்டுவந்தார்கள். சுவருக்குப் பின்புறம், தங்கள் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்குத் தனி நினைவிடம் இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்திய வீரர்கள். அடக்கம் செய்யப்பட்டவருக்கு ஒரு மரியாதை, எரியூட்டப்பட்டவருக்கு ஒரு மரியாதை. நினைவிடம் அமைத்தவர்கள் சமயத்தைக் கேட்டறிந்து அமைத்திருக்கிறார்கள்.

கப்ருகளை ஸியாரத் செய்வது மறுமையை நினைவூட்டும் என்று நம் மார்க்கம் சொல்கிறது. பெரியவர்கள் சுவரருகே நின்று துஆ செய்தார்கள். பக்கத்திலேயே கிராஞ்சி தேசிய இடுகாட்டில் நம் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் அடங்கியிருக்கிறார். அவரையும் நினைத்துக்கொண்டோம்.

நகரத்துக்குத் திரும்பும்போது பீச் ரோடு பக்கமாக வந்தோம். நான்கு தூண்கள் வானுயர நிற்கும் குடிமக்கள் போர் நினைவுச்சின்னம். 1962இல் சிக்லாப் பகுதியில் மண்ணுக்கடியில் குவியல் குவியலாக எலும்புகள் கிடைத்தன. யாருடையவை என்று பிரித்தறிய முடியவில்லை. அவற்றைத் தாழிகளில் வைத்து, அதன் மேல் இந்தச் சின்னத்தை எழுப்பி, 1967 பிப்ரவரி 15 அன்று திரு. லீ குவான் இயூ திறந்து வைத்தார். எலும்புகள் பெரும்பாலும் சீனர்களுடையவை. ஆனாலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், யூரேசியர் என நான்கு இனத்தாருக்கும் நான்கு தூண்களை எழுப்பினார்கள். நான்கு தூண்களும் ஒரே உயரம். கல்வெட்டில் தமிழும் இருக்கிறது. அண்டை வீட்டார் தம் துக்கத்தில் நமக்கும் இடம் கொடுத்தார்கள் என்றே நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். அவர்களுடைய துக்கத்தில் நாம் கலந்துகொள்வதும் நம் கடமை. ஆண்டுதோறும் பிப்ரவரி 15 மாலை 6.20க்கு அபாயச் சங்கு ஒலிக்கிறதல்லவா? சரணடைந்த நேரம் அது. அடுத்த முறை கேட்கும்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

சரி, பார்த்தோம், தெரிந்துகொண்டோம். இனி என்ன?

கிராஞ்சியில் பெயர் இருக்கிறது. சயாமில் பெயர் இல்லை. நம் வீடுகளில் என்ன இருக்கிறது? "எங்க நன்னா ஜப்பான்காரன் காலத்துல காணாமப் போயிட்டாங்க" என்று ஒரு வரி இருக்கிறது. "வாப்பாவோட சின்னத்தா சயாமுக்குப் போனவங்க, வரல" என்று ஒரு வரி இருக்கிறது. வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டு ஒன்று பழைய டிரங்குப் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ரேஷன் அட்டை ஒன்று இருக்கிறது. சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1942இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் 2032இல் நூறு வயதைத் தொடுவார். அதுதான் நமக்குள்ள அவகாசம்.

ஆகவே பொன்விழாப் பணியாகச் சங்கம் ஒரு பெயரேட்டைத் தொடங்குகிறது. பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். குடும்பத்துக்கு ஒரு பக்கம். ஜப்பானியர் காலத்தில் வாழ்ந்த, இறந்த, காணாமல் போன உறவினரின் பெயர், அவருடைய தந்தை பெயர், ஊர், சிங்கப்பூரில் அல்லது மலாயாவில் எங்கே இருந்தார், என்ன வேலை, கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள், இந்தத் தகவலை யார் சொன்னார்கள். இவ்வளவுதான். பெண்களின் பெயரையும் எழுதுங்கள். "இன்னாரின் மனைவி" என்று விட்டுவிடாதீர்கள். கைதியாக இருந்தவரையும் எழுதுங்கள், காவல் நின்றவரையும் எழுதுங்கள். தெரிந்ததைத் தெரிந்தபடியும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் எழுதுங்கள். ஊரில் இருக்கும் பெரியம்மா, பெரியத்தாமாரிடம் தொலைபேசியில் கேளுங்கள். பேத்தி கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

நம் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1981இலேயே ஜப்பானியர் காலத்தைப் பற்றிப் பேட்டியெடுக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் குரல்களைக் கேட்டுப் பாருங்கள். எப்படிக் கேள்வி கேட்பது என்பதும் புரியும். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

நம் முன்னோர் எப்படிப்பட்டவர்கள் தெரியுமா? போர் முடிந்தது 1945இல். ஜப்பானிய நோட்டு செல்லாக் காசாகி, அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். அடுத்த ஆண்டே, 1946இல், கடையநல்லூர் முஸ்லிம் பெரியவர்கள் உமறுப் புலவர் பெயரில் இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியைத் தொடங்கினார்கள். பறிகொடுத்ததை எண்ணி உட்கார்ந்துவிடாமல் பிள்ளைகளின் கையில் பலகையும் பல்பமும் கொடுத்தார்கள். அவர்கள் கற்பித்த தமிழில் அவர்களுடைய பெயர்களை எழுதி வைப்பது நாம் செலுத்த வேண்டிய கடன்.

வெளியே போகும்போது வாசலருகே மேசையில் படிவங்கள் இருக்கின்றன. பிரியாணிப் பொட்டலத்தோடு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வரும் பிப்ரவரி 15க்குள் திருப்பித் தாருங்கள். பெயரில்லாமல் மண்ணுக்குள் போனவர்களை அல்லாஹ் பெயர் பெயராக அறிவான். அவர்களுடைய பிழைகளைப் பொறுத்து, அவர்களுக்கு மேலான சுவனபதியை அருள்வானாக. கொடுமைக்கு ஆளாகாமலும், கொடுமைக்குக் கருவியாகாமலும் நம்மையும் நம் சந்ததியினரையும் காத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.